மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் கலையும் காசும்

ஐரோப்பிய வரலாற்றில் மறுமலர்ச்சிக் காலம் என்று போற்றப்பெறும் பகுதியை நாம் பள்ளிப் பாடநூலில் படித்திருக்கிறோம். லியனார்டோ டாவின்சி, மைக்கலாஞ்சலோ, ரஃபேல் ஆகியோரின் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறோம். மெடிசி குடும்பத்தார் கலைகளை ஆதரித்தனர் என்ற ஒரு வரியும் அப்பாடத்தில் தவறாமல் இடம்பெறும். ஆயினும், அந்த ஆதரவு எவ்வளவு பணம், எதற்காகக் கொடுக்கப்பட்டது, எவர் கையில் சேர்ந்தது, எவருடைய உழைப்பிலிருந்து வந்தது என்னும் வினாக்களைப் பாடநூல் எழுப்புவதில்லை. இக்கட்டுரையில் அவ்வினாக்களையே நாம் எழுப்பிப் பார்க்கிறோம்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலியைப் பற்றி எழுதுவானேன் என்று இளைஞர் சிலர் கேட்கலாம். கேட்பது முறையே. கையால் உழைப்பவன் கற்றவனுக்குக் கீழ்ப்பட்டவன் என்னும் எண்ணம் ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அந்நாளைய இத்தாலியிலும் அது ஆழ வேரூன்றியிருந்தது. அங்கே ஒருவகைக் கைத்தொழிலாளர் இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் கூலி பெறுவோர் நிலையிலிருந்து பெருமதிப்புக்குரியோர் நிலைக்கு உயர்ந்தனர். அவ்வுயர்வு எவ்வாறு வந்தது, அதில் எவர் விடுபட்டனர் என்பதை அறிவது நமக்குப் பயன் தருவதாகும்.

தங்க நாணயமும் தொழிற்குழுக்களும்

இத்தாலியின் நடுப்பகுதியில் ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த பிளாரன்ஸ் நகரம் 1252-ஆம் ஆண்டில் புளோரின் என்னும் தங்க நாணயத்தை அச்சிட்டது. ஏறக்குறைய மூன்றரை கிராம் தூய தங்கம் கொண்ட இந்நாணயம் எடையும் மாற்றும் குன்றாமையால் ஐரோப்பா முழுவதும் நம்பிக்கையுடன் ஏற்கப்பட்டது. கம்பளித் துணி உற்பத்தி, பட்டு நெசவு, வட்டித் தொழில் ஆகிய மூன்றுமே அந்நகரின் செல்வத்திற்கு அடிப்படை.

நகரின் ஆட்சி கில்டு எனப்பட்ட தொழிற்குழுக்களின் கையில் இருந்தது. ஏழு பெருங்குழுக்களும் பதினான்கு சிறுகுழுக்களுமாக 21 குழுக்கள் இருந்தன. குழுவில் உறுப்பினராக இல்லாதவன் நகராட்சியில் பதவி வகிக்க இயலாது. ஓவியர்களுக்குத் தனிக்குழு இல்லை. மருத்துவர்களும் மருந்துச் சரக்கு வணிகர்களும் சேர்ந்த குழுவில் அவர்கள் ஓர் உட்பிரிவாக அடங்கியிருந்தனர். வண்ணப் பொருள்களை மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்கியதே இத்தொடர்புக்குக் காரணம் என்பர். பொற்கொல்லர் பட்டு வணிகர் குழுவிலும், கற்சிற்பியர் கொத்தர், தச்சர் குழுவிலும் சேர்க்கப்பட்டிருந்தனர்.

இலக்கணம், அணியியல், தருக்கம், எண்கணிதம், வடிவக்கணிதம், இசை, வானநூல் என்னும் ஏழையும் சுதந்திர மனிதர்க்கு உரிய கலைகள் என்று அக்காலக் கற்றோர் வகுத்திருந்தனர். ஓவியமும் சிற்பமும் அப்பட்டியலில் இல்லை. அவை கையால் செய்யும் தொழில்கள். ஆதலின் தாழ்ந்தவை என்பது கற்றோர் கொள்கை. இன்று உலகம் வியக்கும் ஓவியங்களை வரைந்தோர், தம் காலத்தில் தச்சருக்கும் சேணம் தைப்போருக்கும் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த தொழிலாளரே என்பதை நாம் மறத்தல் கூடாது.

புரவலர் ஏன் வழங்கினர்?

செல்வர்கள் கலைஞர்க்குப் பொருள் வழங்கியது கலையின் மீது கொண்ட காதலால் மட்டும் அன்று. கிறித்தவத் திருச்சபை வட்டி வாங்குவதைப் பாவம் என்று விதித்திருந்தது. வட்டியாலேயே செல்வம் குவித்தவர்க்கு மறுமையைப் பற்றிய அச்சம் இருந்தது. பதுவா நகரில் ஸ்க்ரொவெஞ்ஞி என்னும் செல்வர் கட்டிய சிற்றாலயத்தின் சுவர்களில் ஜியோட்டோ ஏறத்தாழ 1305-இல் ஓவியங்களைத் தீட்டி முடித்தார். அச்செல்வரின் தந்தையாகிய ரெஜினால்டோவை வட்டி வாங்கியோர் வதைபடும் நரகத்தில் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் வைத்துக் காட்டினார். மகனோ, தாம் அவ்வாலயத்தைக் கையில் ஏந்திக் காணிக்கையாக்கும் காட்சியை இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் மீட்படைந்தோர் பக்கத்திலேயே இடம்பெறச் செய்தார்.

மெடிசி வங்கி 1397-இல் தொடங்கப்பட்டது. அக்குடும்பத்துக் கோசிமோ தாம் ஈட்டிய பொருளில் தூய்மையற்ற பகுதியும் உண்டு என்று மனம் உறுத்தப்பெற்றுப் போப்பாண்டவரிடம் வழி கேட்டதாகவும், புனித மார்க்கு மடத்தைப் புதுப்பிக்க 10,000 புளோரின் செலவிடுமாறு அவர் கூறியதாகவும் அக்காலப் புத்தக வணிகர் வெஸ்பாசியானோ எழுதி வைத்துள்ளார். 1434 முதல் 1471 வரை தம் குடும்பம் கட்டடங்களுக்கும் தருமத்திற்கும் வரிக்குமாகச் செலவிட்டது 663,755 புளோரின் என்று கோசிமோவின் பேரர் லொரென்சோ குறித்துள்ளார். அத்தொகை நன்கு செலவிடப்பட்டது என்றே அவர் கருதினார். குடும்பத்தின் அரசியல் செல்வாக்கு அச்செலவின் பயன் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

ஜியோவன்னி ருச்செல்லாய் என்ற மற்றொரு வணிகர் தாம் கட்டடங்களுக்கும் கலைப்பொருள்களுக்கும் செலவிடுவதற்கு மூன்று காரணங்களை எழுதினார். இறைவனின் மகிமை, நகரின் பெருமை, தம்முடைய நினைவு ஆகியவை அவை. மூன்றாவது காரணத்தையும் மறைக்காமல் எழுதியமைக்காக அவரை நாம் பாராட்டலாம்.

குழுக்களுக்கிடையே போட்டியும் இருந்தது. ஓர்சான்மிக்கேலே என்னும் ஆலயத்தின் வெளிச்சுவர் மாடங்களில் ஒவ்வொரு குழுவும் தன் காவல் புனிதரின் சிலையை நிறுவ வேண்டியிருந்தது. துணி வணிகர் குழு கிபர்ட்டி என்ற சிற்பியைக் கொண்டு புனித யோவானுக்கு வெண்கலச் சிலை எடுத்தது. பின்னர் வங்கியாளர் குழு புனித மத்தேயுவுக்குச் சிலை செய்ய அவரையே 1419-இல் அமர்த்தியபோது, யோவான் சிலையின் உயரத்திற்குச் சிறிதும் குறையக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. பக்தியும் பெருமையும் பணமும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதற்கு இது போதிய சான்றாகும்.

ஓர் ஒப்பந்தத்தின் கதை

பிளாரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று உண்டு. பட்டு வணிகர் குழுவின் பொறுப்பில் புருனெல்லெஸ்கியின் திட்டப்படி 1419-இல் கட்டத் தொடங்கப்பட்டு, 1445-இல் முதற் குழந்தையை ஏற்றுக்கொண்டது. அங்கு விடப்பட்ட குழந்தைகளுள் பலர், கருங்கடல் கரைகளிலிருந்து விலைக்கு வாங்கிவரப்பட்டுச் செல்வர் வீடுகளில் வேலை செய்த அடிமைப் பெண்கள் ஈன்ற மக்கள்.

அவ்வில்லத்துத் தலைவர் 1485-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் தொமேனிக்கோ கிர்லாண்டாயோ என்ற ஓவியரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. ஞானிகள் மூவர் குழந்தை ஏசுவை வணங்கும் காட்சியைப் பலிபீடத்திற்காக வரைதல் வேண்டும். காகிதத்தில் வரைந்து காட்டிய மாதிரிப்படியே படம் அமைதல் வேண்டும். வண்ணங்களுக்கும் பொன்னுக்கும் ஆகும் செலவை ஓவியரே ஏற்றல் வேண்டும். முப்பது மாதங்களில் முடித்துக் கொடுத்தல் வேண்டும். விலை 115 புளோரின். அது மாதம் 3 புளோரின் வீதம் வழங்கப்படும். குறித்த காலத்தில் முடிக்காவிடில் 15 புளோரின் இழக்க நேரிடும்.

இவற்றினிடையே மற்றொரு விதியும் உண்டு. நீல வண்ணம் அவுன்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 4 புளோரின் மதிப்புள்ள உயர்தர நீலமாக இருத்தல் வேண்டும் என்பதே அது. இந்நீலம் இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலைச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்ட நீலக்கல்லிலிருந்து கிடைத்தது. ஒட்டக வணிகராலும் கப்பல்களாலும் வெனிஸ் துறைமுகத்தை அடைந்தமையால் 'கடலுக்கு அப்பாலுள்ள நீலம்' என்று பெயர் பெற்றது. கல்லைப் பொடித்து, பிசினும் மெழுகும் சேர்த்துப் பிசைந்து, சாம்பற்காரத்தில் அலசி எடுக்கும்போது முதலில் வருவதே ஆழ்ந்த நிறமுடையது. அடுத்தடுத்து வருவது வெளிறியது, மலிவானது. மலிவான நீலத்தைப் பூசி ஓவியர் ஏமாற்றிவிடக்கூடும் என்ற ஐயத்தால் விலையையே ஒப்பந்தத்தில் குறித்துவிட்டனர்.

இளைஞர்கள் இவ்விடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஓவியர்க்கு ஒரு மாதத்திற்குக் கிடைத்த தவணை 3 புளோரின். ஓர் அவுன்சு நீலத்தின் விலை 4 புளோரின். உழைக்கும் கையின் ஒரு மாதத்தைவிடக் கையளவு வண்ணப்பொடி விலை மிகுந்திருந்தது. அக்கூலியிலேயே பட்டறை உதவியாளர்களின் உணவும் அடங்கும். 1488-இல் முடிவுற்ற அவ்வோவியம் இன்றும் அதே இல்லத்தில் இருக்கிறது. அதன் முன்புறத்தில், கொல்லப்பட்ட மாசற்ற குழந்தைகளைக் குறிக்கும் வகையில் இரு சிறுவர் முழந்தாளிட்டுள்ளனர்.

பொன்னின் மதிப்பும் திறனின் மதிப்பும்

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஓவியத்தின் விலை அதில் செலவான பொன், வெள்ளி, நீலம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடப்பட்டது. 1433-இல் சணல்துணி வணிகர் குழு பிரா அஞ்செலிக்கோ என்ற துறவி ஓவியருடன் செய்த ஒப்பந்தம், கிடைப்பனவற்றுள் மிகச் சிறந்த பொன்னும் நீலமும் வெள்ளியும் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. விலை 190 புளோரின். அல்லது அவருடைய மனச்சாட்சி தகும் என்று கருதும் குறைந்த தொகை.

ஆனால், காலம் செல்லச் செல்ல மற்றொரு விதி ஒப்பந்தங்களில் முதன்மை பெறலாயிற்று. 1445-இல் பியரோ டெல்லா பிரான்செஸ்கா தம் ஊர்ச் சபையாருக்கு வரைந்து தர ஒப்பிய பலிபீடப் படத்தில், பியரோவைத் தவிர வேறெவரும் தூரிகையைத் தொடலாகாது என்று எழுதப்பட்டது. 1487-இல் பிலிப்போ ஸ்ட்ரோட்சி என்ற செல்வர் பிலிப்பினோ லிப்பியுடன் செய்த ஒப்பந்தத்திலும், முழு ஓவியமும், சிறப்பாக மனித உருவங்களும், அவர் தம் கையாலேயே வரைதல் வேண்டும் என்ற விதி உண்டு. உதவியாளனின் கைக்கும் ஆசானின் கைக்கும் வெவ்வேறு விலை உண்டென்று வாங்குவோர் உணர்ந்துகொண்டனர் என்பது இதனால் தெளிவாகிறது.

இம்மாற்றத்திற்கு அறிஞர் சிலர் சொல்வடிவம் தந்தனர். 1435-இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய ஆல்பர்ட்டி, உண்மைப் பொன்னை ஒட்டுவதைவிட வெறும் வண்ணத்தாலேயே பொன்னொளியைக் காட்டும் ஓவியனே மேலானவன் என்றார். பிளாரன்ஸ் பேராயராக இருந்த அந்தோனினுஸ், ஓவியர் தம் உழைப்பின் அளவுக்கு மட்டுமன்றித் தம் தேர்ச்சியின் அளவுக்கும் கூலி கேட்பது நியாயமே என்று எழுதினார். 'எவ்வளவு பொருள் செலவாயிற்று?' என்ற கேள்வி, 'எவருடைய கை?' என்ற கேள்விக்கு இடம் விட்டது. கூலி வரலாற்றில் இது பெரியதொரு திருப்பம் ஆகும்.

திறனை வெளிப்படையாக அளந்து பார்க்கும் வழக்கமும் இதற்கு உதவியது. 1401-இல் துணி வணிகர் குழு, பிளாரன்ஸ் திருமுழுக்கு ஆலயத்தின் வெண்கலக் கதவுகளைச் செய்வதற்குப் போட்டி அறிவித்தது. எழுவர் கலந்துகொண்டனர். ஒரே காட்சியை அனைவரும் வார்த்துக் காட்ட வேண்டும். இருபத்து மூன்று வயதினராகிய கிபர்ட்டி வென்றார். அவருடைய பலகை புருனெல்லெஸ்கியினுடையதைவிட எடையில் குறைந்திருந்தது. அதாவது வெண்கலச் செலவும் குறைவு. முதற் கதவுகள் 1424-இலும், அவர் செய்த மற்றொரு கதவுத்தொகுதி 1452-இலும் முடிவுற்றன. பின்னது 'சொர்க்கத்தின் வாயில்' என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

எண்ணும் எழுத்தும்

இனி, நம் சங்கத்தின் நோக்கத்தோடு நேரே தொடர்புடைய செய்திக்கு வருவோம். பிளாரன்ஸ் வரலாற்றாசிரியர் ஜியோவன்னி வில்லானி, 1338-ஆம் ஆண்டையொட்டிய நிலையை எழுதும்போது, நகரில் 8,000 முதல் 10,000 சிறுவர் சிறுமியர் எழுத்துப் பயின்றனர் என்றும், 1,000 முதல் 1,200 சிறுவர் ஆறு கணக்குப் பள்ளிகளில் பயின்றனர் என்றும் கூறுகிறார். அவர் கணக்கை அப்படியே ஏற்பதில் ஆராய்ச்சியாளர்க்குத் தயக்கம் உண்டு. எனினும், அக்காலத்து வேறெந்த ஐரோப்பிய நகரையும்விட அங்கே எழுத்தறிவு மிகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

அக்கணக்குப் பள்ளிகளில் முக்கூட்டு வீதம், பங்காதாயம், நாணய மாற்று, பீப்பாய், தானியக் குவியல் முதலியவற்றின் கொள்ளளவு ஆகியவை கற்பிக்கப்பட்டன. அவற்றில் பயின்றோர் கடைக்கணக்கராயினர், சிலர் ஓவியராயினர். முன்னர்க் குறித்த பியரோ டெல்லா பிரான்செஸ்கா வணிகர் பயன்பாட்டுக்கெனக் கணக்கு நூல் ஒன்றையே எழுதினார். உருவங்களை அளவு பிறழாமல் தூரத்திற்கேற்பச் சிறுத்துக் காட்டும் கலை அந்த விகிதக் கணக்கிலிருந்து பிறந்ததாகும். படத்தைப் பார்த்தவரும் அதே கணக்கைப் படித்தவர். ஆதலின் அதன் நயத்தைக் கண்டறிந்து விலை கொடுத்தனர்.

எழுத்தறிவின் பயன் படத்தோடு நின்றுவிடவில்லை. நேரி தி பிச்சி என்ற பிளாரன்ஸ் ஓவியர் 1453 முதல் 1475 வரை எழுதிய பட்டறைக் கணக்கேடு இன்றும் உள்ளது. யாருக்கு என்ன வரைந்தார், என்ன விலை பேசினார், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்த உதவியாளனுக்கு என்ன சம்பளம் என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். அவர் முதல்தர மேதை அல்லர். ஆயினும் எவரும் அவரை ஏமாற்ற இயலாத நிலையில் இருந்தார். கைந்நாட்டு வைக்கும் தொழிலாளிக்கும் கணக்கேடு வைத்திருக்கும் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாட்டை நம் முந்தைய தலைமுறையினர் நன்கறிவர், விரித்துரைக்க வேண்டியதில்லை.

அரண்மனைச் சம்பளம்

சிற்றரசர்களின் அவைகளில் நிலைமை வேறு. மாந்துவா நகரத்து அரசர் லுடோவிக்கோ கொன்சாகா 1458-இல் மாண்டேன்யா என்ற ஓவியர்க்கு எழுதிய கடிதத்தில், மாதம் 15 டுக்காட் சம்பளம், குடியிருக்க வீடு, ஆறு பேர் உண்பதற்குத் தானியம், விறகு ஆகியவற்றைத் தருவதாக வாக்களித்தார். மாண்டேன்யா 1460-இல் அங்கே குடியேறினார். குழுவின் கட்டுப்பாடும் வாடிக்கையாளரைத் தேடும் கவலையும் நீங்கின. ஆயினும், சம்பளம் காலத்தில் வாராதபோது முறையிட்டுக் கடிதம் எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. 1506-இல் கடன் சுமையால், தாம் உயிராகப் போற்றிய பழைய உரோமானியச் சிலையொன்றை அதே அரசகுடும்பத்து இசபெல்லா அரசிக்கு 100 டுக்காட்டுக்கு விற்றார், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

அந்த இசபெல்லாவே 1503-இல் பெருஜினோ என்ற ஓவியரிடம் ஒரு படத்திற்கு ஏற்பாடு செய்தார். கற்புக்கும் காமத்துக்கும் நிகழும் போரைக் காட்ட வேண்டும். எந்தத் தெய்வம் எங்கே நிற்கவேண்டும், கையில் என்ன ஏந்தவேண்டும் என்றெல்லாம் எழுதியனுப்பினார். உருவங்கள் மிகுதியாகத் தோன்றினால் சிலவற்றை விட்டுவிடலாம். தாமாக ஒன்றையும் சேர்க்கலாகாது என்றும் விதித்தார். படம் 1505-இல் வந்து சேர்ந்தது. 100 டுக்காட் கொடுத்த அரசிக்கு அது நிறைவளிக்கவில்லை. சம்பளமும் மாளிகையும் கிடைத்தாலும், புரவலர் ஒருவரையே நம்பியவனின் எண்ணம் அவனுக்கு உரிமையாக இருந்ததில்லை என்பதை இவ்விரு செய்திகளும் காட்டுகின்றன.

கடைவீதிக்கு வந்த கலை

இதே காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மற்றொரு வழி திறந்தது. ஆண்ட்வெர்ப் துறைமுக நகரில் அன்னை மரியாள் ஆலயத்தார் 1460-இல் கலைப்பொருள் விற்பனைக்கென்றே ஒரு முற்றத்தை அமைத்துக் கடைகளை வாடகைக்கு விட்டனர். முன்பணமும் ஒப்பந்தமும் இன்றி வரைந்து வைத்த படங்களைச் சந்தைக்கு வருவோர் பார்த்து வாங்கினர். 1540-இல் அந்நகரின் புதிய வணிக மன்றத்தின் மேல்மாடியில் ஓவியக் கடைகளுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது.

நியூரம்பர்க் நகரத்துப் பொற்கொல்லர் மகனாகிய ஆல்பிரெக்ட் டியூரர் இச்சந்தையின் ஆற்றலை நன்குணர்ந்தவர். 1498-இல் விவிலியத்தின் இறுதி நூலுக்குரிய 15 மரச்செதுக்குப் படங்களைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அவர் மனைவி பிராங்க்பர்ட் சந்தையிலும், தாயார் நியூரம்பர்க் சந்தையிலும் அப்படங்களை விற்றனர். அதே டியூரர் ஹெல்லர் என்ற வணிகருக்குப் பெரியதொரு பலிபீடப் படம் வரைந்தபோது, முதலில் பேசிய 130 புளோரின் செலவுக்கே போதவில்லை என்று வழக்காடி 200 புளோரின் பெற்றார். படம் வரைவதைவிட்டுச் செதுக்குப் படங்களையே செய்திருந்தால் செல்வனாகியிருப்பேன் என்ற கருத்தையும் அவருக்கு எழுதினார். ஒரு பெரியவரின் தயவை நம்புவதைவிட ஆயிரம் எளியவரின் சிறுகாசை நம்புவதில் சுதந்திரம் அதிகம் என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

கதவுக்கு வெளியே நின்றோர்

இதுவரை கூறியது உயர்ந்தவர் கதை. உயராதவர் கதையையும் கூறினால்தான் வரலாறு முழுமை பெறும்.

பிளாரன்ஸின் செல்வத்திற்கு அடிப்படையான கம்பளித் தொழிலில் ஆட்டுமயிரைக் கழுவியும் அடித்தும் சீவியும் உழைத்த கூலியாளர் சியோம்பி என்று அழைக்கப்பட்டனர். கம்பளி முதலாளிகளுக்குப் பெருங்குழு உண்டு. தொழிலாளர்க்கோ குழு அமைக்கும் உரிமை மறுக்கப்பட்டது. அவர்களைக் கண்காணித்துத் தண்டிக்க முதலாளிகளின் குழு தனி அலுவலரையே வைத்திருந்தது. 1345-இல் சூத்தோ பிரண்டினி என்ற சீவுதொழிலாளி தம் போன்றோரை ஒன்றுதிரட்டிச் சந்தா வசூலித்தமைக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

1378-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இத்தொழிலாளர் கிளர்ந்தெழுந்து நகராட்சி மாளிகையைக் கைப்பற்றினர். அவர்கள் முதன்மையாகக் கேட்டது தங்களுக்கும் குழு வேண்டும் என்பதே. மிக்கேலே தி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளி நகரத் தலைவரானார். மூன்று புதிய குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன. ஆனால் ஆகஸ்டு இறுதியிலேயே கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஒடுக்கியவர்களின் பக்கத்தில் மிக்கேலேயும் நின்றார். சியோம்பிகளின் குழு உடனே கலைக்கப்பட்டது. எஞ்சிய இரண்டும் 1382-இல் ஒழிக்கப்பட்டன.

பிளாரன்ஸ் பேராலயத்தின் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பேற்றிருந்தது அந்தக் கம்பளி முதலாளிகளின் குழுவே. 1436-இல் முடிவுற்ற புருனெல்லெஸ்கியின் மாபெருங் கவிகையும், 1501-இல் மாதம் 6 புளோரின் சம்பளத்தில் மைக்கலாஞ்சலோவிடம் ஒப்படைக்கப்பட்ட தாவீது சிலையும் அக்குழுவின் ஆதரவில் தோன்றியவை. கம்பளி கழுவிய கைகளின் வியர்வையே பளிங்காகவும் கவிகையாகவும் உயர்ந்து நிற்கிறது. அக்கைகளுக்கு உரியவர்களின் பெயரை எந்தச் சுவரும் தாங்கவில்லை.

பெண்களின் நிலையும் இத்தகையதே. கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் வளர்ந்த சிறுமியர் பட்டுத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர். ஓவியத் திறனுடைய பெண்கள் இருந்தும், பிளாரன்ஸ் கலைக்கழகத்தில் ஒரு பெண் உறுப்பினராக ஏற்கப்பட்டது 1616-இல்தான். அவர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி.

உயர்ந்தவர் மறந்தது

மைக்கலாஞ்சலோ சிறுவராக இருந்தபோது ஓவியம் பயில விரும்பியதற்காகத் தந்தையும் சிற்றப்பன்மாரும் அவரை அடித்தனர் என்று அவருடைய வரலாற்றை எழுதிய கொன்டிவி கூறுகிறார். கைத்தொழில் குடும்பத்துக்கு இழிவு என்பது அவர்கள் எண்ணம். எனினும் 1488-இல் அவர் கிர்லாண்டாயோவின் பட்டறையில் மூன்றாண்டுகளுக்கு 24 புளோரின் ஊதியத்தில் சேர்க்கப்பட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து, உலகப் புகழ் பெற்ற முதியவராகிய அதே மைக்கலாஞ்சலோ, தாம் ஒருபோதும் கடை வைத்துத் தொழில் செய்யும் ஓவியரோ சிற்பியோ ஆக இருந்ததில்லை என்று தம் தம்பி மகனுக்கு எழுதினார்.

ஓவியரும் வரலாற்றாசிரியருமாகிய வசாரியின் முயற்சியால் 1563-இல் பிளாரன்ஸில் கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1571-இல் அதன் உறுப்பினர் பழைய குழுக்களில் சேர்ந்திருக்க வேண்டிய கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஓவியமும் சிற்பமும் அறிவின் கலைகள் என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனால் அதற்கு அவர்கள் கையாண்ட வாதம் என்ன? கைத்தொழில் உயர்ந்தது என்று அவர்கள் வாதிடவில்லை. தாங்கள் கைத்தொழிலாளர் அல்லர் என்றே வாதிட்டனர். அதனால் ஓவியன் உயர்ந்தான். அவனுக்குப் பலகை செய்து கொடுத்த தச்சனும், பொன்னைத் தகடாக்கிய தட்டானும், நீலத்தை அரைத்த சிறுவனும் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஏணி வழியே ஏறியவர், அதைத் தாங்கிப் பிடித்தவரைத் தம் இனத்தவரல்லர் என்று கூறிவிட்டனர்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, கலைஞர் பெற்ற மதிப்பு புரவலரின் கருணையால் விளைந்ததன்று. எழுதப்பட்ட ஒப்பந்தம், ஒன்றுகூடிய குழு, எண்ணும் எழுத்தும் அறிந்த மனம், ஒருவரை மட்டும் நம்பாத சந்தை ஆகிய நான்கும் சேர்ந்தே அம்மதிப்பை ஈட்டித் தந்தன. இவற்றுள் எதுவும் இல்லாத கம்பளித் தொழிலாளி, ஓவியனைவிடக் குறைவாக உழைத்தவன் அல்லன். ஆயினும் பெயரின்றி மறைந்தான்.

இரண்டாவது, தம் இழிவைப் போக்கிக்கொள்ளும் முயற்சியில், உழைப்பை இழிவென்று கூறும் கொள்கையையே ஏற்றுக்கொள்வது முழு விடுதலை ஆகாது. நம் சங்கத்தின் உதவியால் கற்றுப் பட்டம் பெற்று, அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணியில் அமரும் இளைஞர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நம் தாய் தந்தையர் வயலிலும் களத்திலும் பட்டறையிலும் செய்த வேலையை மறைத்துப் பெறும் மதிப்பு, பிறர் வகுத்த அளவுகோலுக்கு நாம் பணிந்து பெறும் மதிப்பே ஆகும்.

நூல்களில் மைக்கலாஞ்சலோவின் படைப்புகளைக் காணும்போது நாம் வியந்து போற்றுவோம், அவை போற்றத்தக்கவை. அதே வேளையில், அப்படைப்புக்கான காசு எங்கிருந்து வந்தது, எவர் கூலி குறைந்தது, எவர் பெயர் எழுதப்படவில்லை என்று கேட்கவும் பழகுவோம். அவ்வாறு கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியதே இக்கல்விச் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியின் பயன் என்று நாம் கருதுகிறோம். வாழ்க கல்வி! வளர்க சங்கம்!